கூடு விட்டுக் கூடு பாயும் ஃபிரேம்: வைஃபையும் ஈதர்நெட்டும் ஒத்துப்போவது எப்படி?

வைஃபையில் மட்டும் இணைந்திருக்கும் லேப்டாப்பில், நெட்வொர்க்கில் போய்வரும் தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓட்டி, வந்து விழும் பாக்கெட்டுகளில் ஏதாவது ஒன்றைச் சொடுக்கிப் பாருங்கள். விவரம் விரியும்போது ‘ஈதர்நெட் 2’ என்று ஒரு வரி இருக்கும். கேபிள் எதையும் செருகவில்லையே, ஈதர்நெட் எங்கிருந்து வந்தது? முதல் முறை இதைப் பார்த்தபோது, ‘வைஃபை என்பது கம்பியை உருவிவிட்ட ஈதர்நெட், அவ்வளவுதான்’ என்று முடிவுகட்டிக்கொண்டேன். அது தப்பு என்று புரிய ஒரு ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கதை கீழே வரும்.

திரையில் தெரிவது காற்றில் பறந்து வந்த ஃபிரேம் இல்லை. அதைப் பிரித்து, ஈதர்நெட் ஃபிரேம் மாதிரி மறுபடி கட்டி, வைஃபை டிரைவர் இயங்குதளத்திடம் கொடுத்த நகல். வைஃபையின் உள்விவகாரம் எதுவும் மேலே இருக்கும் மென்பொருளுக்குத் தெரிய வேண்டாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இதே வேலையை மறுமுனையில், வைஃபையையும் கேபிளையும் இணைக்கும் ஆக்சஸ் பாயின்ட்டும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் செய்கிறது. உயிர் அதேதான், உடல் மட்டும் வேறு. கூடு விட்டுக் கூடு பாய்வது என்று கதைகளில் வருமே, கிட்டத்தட்ட அது. இதில் எது உயிர், எது உடல், பாயும்போது எது தொலைந்துபோகிறது என்று பார்க்கலாம்.

ஏபி ஏன் ரவுட்டர் இல்லை

நெட்வொர்க்கில் தகவல் குழாய்த் தண்ணீர் மாதிரி ஒழுகிக்கொண்டே போவதில்லை, மூட்டை மூட்டையாகப் போகிறது. ஒவ்வொரு மூட்டைக்கும் முன்னால் ‘யாரிடமிருந்து, யாருக்கு’ என்ற ஹெடர், பின்னால் வழியில் ஏதாவது சேதமானதா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண், நடுவில் சரக்கு. இந்த முழு மூட்டைக்குத்தான் ஃபிரேம் என்று பெயர். நடுவில் இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒரு ஐபி பாக்கெட். ஐபி பாக்கெட் உலகத்தின் மறுகோடி வரை போகும். ஃபிரேமின் ஆயுள் அடுத்த ரவுட்டர் வரைக்கும்தான்.

ரவுட்டருக்கு இதில் பெரிய தலைவலி இல்லை. வந்த ஃபிரேமைக் கிழித்துப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் ஐபி பாக்கெட்டை எடுத்து, தன் பெயரிலேயே புது ஃபிரேம் கட்டி அடுத்த பக்கம் அனுப்பிவிடும். ஆனால் ஆக்சஸ் பாயின்ட் (புழக்கத்தில் ‘ஏபி’) ரவுட்டர் இல்லை, அது ஒரு பாலம். வீட்டில் வைத்திருக்கும் பெட்டியை எல்லோரும் ‘வைஃபை ரவுட்டர்’ என்றே சொல்வதால் இது குழம்பிப்போகிறது. அந்த ஒரே பெட்டிக்குள் ரவுட்டர், ஸ்விட்ச், ஏபி என்று மூன்று பேர் குடியிருக்கிறார்கள். நமக்கு வேண்டியவர் மூன்றாமவர்.

பாலத்தின் நிபந்தனை கடுமையானது. வைஃபையில் இருக்கும் லேப்டாப்பும் கேபிளில் இருக்கும் பிரின்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ள வேண்டும். பிரின்டருக்கு வந்து சேரும் ஃபிரேமில் அனுப்புநராக லேப்டாப்பின் மேக் முகவரிதான் (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) இருக்க வேண்டும். நடுவில் ஏபி என்று ஒருவர் இருந்ததற்கான சுவடே இருக்கக் கூடாது. ரவுட்டர் மாதிரி தன் பெயரில் புது ஃபிரேம் எழுதும் சுதந்திரம் ஏபிக்குக் கிடையாது.

சிக்னல்: ஒத்துப்போகவே வேண்டாம்

‘வைஃபையும் கேபிளும் ஒரே என்கோடிங்கையா பயன்படுத்துகின்றன?’ என்று பலரும் கேட்பார்கள். இல்லை, துளிகூட ஒற்றுமை இல்லை. 10 மெகாபிட் ஈதர்நெட்டில் மான்செஸ்டர் முறை: ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் மின்னழுத்தம் ஏறும் அல்லது இறங்கும். செம்புக் கேபிளில் ஓடும் 100 மெகாபிட்டில் ஒவ்வொரு 4 பிட்டையும் 5 பிட்டாக மாற்றி, மூன்று மின்னழுத்த நிலைகளில் அனுப்புவார்கள். ஜிகாபிட் வந்தபோது கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேலைக்கு வந்தன, நிலைகள் ஐந்தாயின. வைஃபையிலோ அலைவரிசையைப் பல சிறு துணை அலைகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சில பிட்டுகளை ஏற்றுகிறார்கள். 802.11ஏ தரத்தில் தரவுக்கென 48 துணை அலைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தில் அதிகபட்சம் 6 பிட். வைஃபை 7 வந்தபோது அந்த 6 என்பது 12 ஆகியிருக்கிறது.

இந்த வித்தியாசத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சிக்னல் என்பது அந்தந்த ஊடகத்தில் பிறந்து அங்கேயே சாகிற சமாச்சாரம். ஆன்டெனாவைத் தாண்டி உள்ளே வந்ததும் மிஞ்சுவது வெறும் பிட்டுகள்தான். ஃபிரேமுக்கு முன்னால் ‘இதோ வருகிறேன்’ என்று கொட்டு அடிக்கும் முன்னோட்டப் பகுதியும் அப்படியே. ஈதர்நெட்டில் அது 8 பைட், வைஃபையில் அதற்கு வேறு அமைப்பு. இரண்டும் வாசலிலேயே நின்றுவிடும், உள்ளே வராது. சிக்கல் ஆரம்பிப்பது பிட்டுகளாக ஆன பிறகு, அவற்றை எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள் என்பதில்.

ஒருவர் சுருக்கம், இன்னொருவர் விஸ்தாரம்

ஈதர்நெட் ஃபிரேம் சிக்கனத்துக்குப் பேர்போனது. பெறுநர் முகவரி 6 பைட், அனுப்புநர் முகவரி 6 பைட், உள்ளே என்ன சரக்கு என்று சொல்ல 2 பைட். பதினான்கே பைட்டில் ஹெடர் முடிந்தது. பிறகு 46 முதல் 1500 பைட் வரை சரக்கு, கடைசியில் 4 பைட் சரிபார்ப்பு எண். ஆகக் குறைந்தபட்சம் 64 பைட், அதிகபட்சம் 1518.

வைஃபை ஃபிரேமின் ஹெடர் வழக்கமாக 24 பைட். முன்னுரிமைக்கான பகுதியையும் சேர்த்தால் 26. முதல் 2 பைட் கட்டுப்பாட்டுக் கொடிகள்: இது மறு அனுப்புதலா, மறையாக்கம் செய்ததா, அனுப்பியவர் தூங்கப் போகிறாரா, கேபிள் பக்கம் போகிறதா, அங்கிருந்து வருகிறதா. அடுத்த 2 பைட் நேரம்: ‘இன்னும் இத்தனை மைக்ரோசெகண்டுக்குக் காற்று எனக்கு வேண்டும், மற்றவர்கள் வாய் திறக்காதீர்கள்’ என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொல்வது. பிறகு மூன்று முகவரிகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு வரிசை எண்.

இத்தனை சடங்கு எதற்கு? ரேடியோவின் பலவீனத்துக்காக. பழைய ஈதர்நெட்டில் எல்லோரும் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொண்டார்கள். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் கேபிளில் மின்னழுத்தம் தாறுமாறாகும், பேசுகிறவருக்கே அது தெரிந்துவிடும். உடனே நிறுத்தி, சற்றுப் பொறுத்து, மறுபடி முயல்வார். (குறைந்தபட்சம் 64 பைட் என்ற விதி பிறந்ததும் இங்கேதான். 10 மெகாபிட் வேகத்தில் 64 பைட்டை அனுப்ப 51.2 மைக்ரோசெகண்ட் ஆகும். கேபிளின் மறுகோடியில் நடந்த மோதலின் செய்தி அதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும். இன்றைய ஸ்விட்சுகளில் மோதலே கிடையாது, விதி மட்டும் தங்கிவிட்டது.) ரேடியோவில் அது நடக்காது. நாம் உரக்கக் கத்திக்கொண்டிருக்கும்போது தூரத்தில் ஒருவர் முணுமுணுத்தால் நம் காதில் விழுமா? அதனால் வைஃபையில் ஒருவருக்கென அனுப்பும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் வர வேண்டும். 14 பைட்டில் ஒரு குட்டி ஒப்புகை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 10 மைக்ரோசெகண்ட் இடைவெளி விட்டு அது கிளம்பும். வரவில்லையென்றால் மறுபடி அனுப்பு. அப்போது பெறுநரிடம் ஒரே ஃபிரேம் இரண்டு தடவை போய்ச் சேரலாம், அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த வரிசை எண். ஏபி ஒரே சமயத்தில் பல ஃபிரேம்களைக் கோத்து அனுப்பும்போது ஒப்புகையையும் மொத்தமாக வாங்கிக்கொள்ளும் வசதி பிற்பாடு வந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. ஈதர்நெட்டின் மூதாதையே வயர்லெஸ்தான். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு 1971இல் இயக்கிக் காட்டிய அலோஹாநெட், தீவுகளுக்கிடையே ரேடியோவில் தரவு அனுப்பியது. அதிலிருந்து யோசனை எடுத்துத்தான் ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில் பாப் மெட்காஃப் 1973இல் ஈதர்நெட்டுக்கான குறிப்பை எழுதினார். ‘ஈதர்’ என்று பெயர் வைத்ததும், ஒளி பயணிக்க ஓர் ஊடகம் உண்டு என்று ஒரு காலத்தில் விஞ்ஞானிகள் நம்பிய ஈதரை நினைத்துத்தான். காற்றிலிருந்து பெயரைக் கடன் வாங்கிக் கேபிளுக்குள் புகுந்த ஈதர்நெட், பிறகு வைஃபையாகத் திரும்பக் காற்றுக்கே வந்தபோது ஹெடர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெருத்துவிட்டது.

இவ்வளவையும் பார்த்தால் ஏபிக்குப் பெரும் வேலை என்று தோன்றும். உண்மையில் பாதி சுமை வாசலிலேயே இறங்கிவிடுகிறது. நேரம், வரிசை எண், மறு அனுப்புதல் கொடி, தூக்கக் கொடி எல்லாம் காற்றுக்கு மட்டும் உரியவை, கேபிள் பக்கம் அவற்றுக்கு அர்த்தமே இல்லை. ஏபி அவற்றை உதிர்த்துவிடும். ஒப்புகை ஃபிரேம், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று ஏபி வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கூவும் பீக்கன், இணையவும் விலகவும் அனுப்பும் ஃபிரேம்கள் இவையும் கேபிளைப் பார்ப்பதே இல்லை. கூடு பாய்வது தரவு ஃபிரேம்கள் மட்டும்.

மூன்றாவது முகவரி

பழைய கடித உறைகளில் ‘மே/பா’ என்று எழுதி ஒருவர் பெயர் போட்டிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? மேற்பார்வை. கடிதம் இன்னாருக்கு, ஆனால் இவர் கையில் கொடுத்தால் போதும், அவர் சேர்த்துவிடுவார். வைஃபையில் முகவரி இரண்டோடு நிற்காமல் மூன்றானது இந்த மே/பாவுக்காகத்தான்.

லேப்டாப், கேபிளில் இருக்கும் பிரின்டருக்கு அனுப்புகிறது என்று வையுங்கள். காற்றில் அந்த ஃபிரேமை வாங்கப்போவது பிரின்டர் இல்லை, ஏபி. ஒப்புகை தரப்போவதும் ஏபி. ஆகவே முதல் முகவரி ஏபியுடையது. இரண்டாவது முகவரி, அனுப்பும் லேப்டாப். மூன்றாவதில்தான் உண்மையான பெறுநரான பிரின்டர். திரும்பி வரும் வழியில் வரிசை மாறும்: முதலில் லேப்டாப், இரண்டாவது ஏபி, மூன்றாவது பிரின்டர். எந்த வரிசை என்று சொல்லத்தான் ‘கேபிளுக்குப் போகிறது’, ‘கேபிளிலிருந்து வருகிறது’ என்ற இரண்டு கொடிகள்.

ஏபி செய்ய வேண்டியது, மே/பா முகவரியை அடித்துவிட்டு மீதி இரண்டையும் ஈதர்நெட் வரிசையில் எழுதுவது. எதிர்த்திசையில் தன் முகவரியை நடுவில் செருகுவது. இது இவ்வளவு சுலபமாக முடிவதற்கு ஒரே காரணம், இரண்டு பக்கமும் ஒரே 48 பிட் மேக் முகவரியைப் பயன்படுத்துவதுதான். வைஃபையை வகுத்தவர்கள் தங்களுக்கென்று தனி முகவரி முறை வைத்திருந்தால் ஏபி ஒவ்வொன்றும் ஒரு மொழிபெயர்ப்பு அகராதியைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியிருக்கும். நான் உயிர் என்று சொன்னதில் முதல் பாதி இந்த முகவரி ஜோடி.

முகவரி நீளம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு, ஈதர்நெட்டுக்குப் போட்டியாக இருந்த பழைய டோக்கன் ரிங் நெட்வொர்க் சாட்சி. அதிலும் 48 பிட்தான். ஆனால் ஒவ்வொரு பைட்டிலும் எந்தப் பிட்டை முதலில் அனுப்புவது என்பதில் ஈதர்நெட்டுக்கு நேர் எதிர். பாலம் போட்டவர்கள் ஹெடரில் இருந்த முகவரியைத் திருப்பிப் போட்டார்கள் சரி, ஏஆர்பி (‘இந்த ஐபி முகவரிக்கு மேக் முகவரி என்ன’ என்று கேட்கும் நெறிமுறை) மாதிரி சரக்குக்குள்ளேயே முகவரி எழுதியிருக்கும் இடங்களில் என்ன செய்வது? வைஃபை அந்த வம்பை விலைக்கு வாங்கவில்லை.

அந்த எட்டு பைட்

உயிரின் மறுபாதி, சரக்கு என்ன வகை என்று சொல்லும் எண். ஈதர்நெட்டில் அதற்கு 2 பைட் ஒதுக்கியிருக்கிறது: 2048 என்றால் ஐபி பதிப்பு 4, 2054 என்றால் ஏஆர்பி, 34525 என்றால் ஐபி பதிப்பு 6. வைஃபை ஹெடரில் இப்படி ஒரு இடமே கிடையாது. மறந்துவிட்டார்களா என்றால் இல்லை, இது ஒரு பழைய பங்காளிச் சண்டையின் மிச்சம்.

1980இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட ஈதர்நெட்டில் அந்த 2 பைட் சரக்கின் வகை. பிறகு ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் குழு அதைப் பொதுத் தரமாக்கியபோது அதே 2 பைட்டைச் சரக்கின் நீளம் என்று மாற்றிவிட்டது. வகையைச் சொல்ல, சரக்குக்கு முன்னால் தனியாக ஒரு சிறு பகுதி. உலகம் அந்த மாற்றத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை; ஐபி பழைய முறையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே கேபிளில் கலந்து வந்ததால் ஒரு சமரசம்: எண் 1500 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நீளம், 1536 அல்லது அதற்கு மேல் இருந்தால் வகை. 1997இல் ஈதர்நெட் தரம் இந்தச் சமரசத்தை முறையாகவே ஏற்றுக்கொண்டது. அதே 1997இல்தான் வைஃபையின் முதல் தரமும் வந்தது. அதை எழுதியவர்கள் ஐஇஇஇ வழியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே வைஃபையில் ஒவ்வொரு ஐபி பாக்கெட்டுக்கும் முன்னால் எட்டு பைட் ஒட்டிக்கொண்டு வரும். பைட் பைட்டாகப் பார்த்தால் இப்படி:

170 170 3 0 0 0 8 0

முதல் மூன்றும் ‘வகை எண் பின்னால் வருகிறது’ என்ற அறிவிப்பு. அடுத்த மூன்று சுழியும் ‘அந்த எண் ஈதர்நெட் பட்டியலில் உள்ளது’ என்ற குறிப்பு. கடைசி இரண்டும் அந்த எண்ணே. 8ஐ 256ஆல் பெருக்கிப் பாருங்கள், 2048 வரும். ஏஆர்பி என்றால் கடைசி இரண்டு 8 6 என்றிருக்கும். இப்படி எழுதும் முறையை ஐபிக்கு வகுத்தது 1988இல் வந்த ஆர்எஃப்சி 1042 என்ற இணைய ஆவணம்.

ஏபியின் விதி இப்போது தெளிவாகிவிடும். கேபிளிலிருந்து வரும் எண் 1536 அல்லது அதற்கு மேல் இருந்தால், முன்னால் ஆறு பைட்டைச் சேர்த்துக் காற்றில் விடு. 1500 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது நீளம், அதை எடுத்துவிடு, பின்னால் இருப்பதை அப்படியே அனுப்பு. காற்றிலிருந்து வரும்போது 170 170 3 0 0 0 என்று தொடங்கினால் ஆறையும் உரித்து, மிஞ்சும் இரண்டை வகை எண்ணாக வை. வேறு எதுவாவது இருந்தால் நீளத்தை எண்ணி எழுது. ஆப்பிள்டாக், ஐபிஎக்ஸ் என்ற இரண்டு பழைய நெறிமுறைகளில், முன்னதன் முகவரித் தேடலுக்கும் பின்னதற்கும் மட்டும் விலக்கு உண்டு. அவை கேபிளில் இரண்டு வடிவத்திலும் உலவியதால், எந்த வடிவத்தில் புறப்பட்டதோ அதே வடிவத்தில் மறுபக்கம் இறங்க வேண்டும். அதற்காக 0 0 0 என்பதற்குப் பதிலாக 0 0 248 என்ற அடையாளம். இரண்டு நெறிமுறையும் ஓய்ந்து எத்தனையோ காலமாயிற்று, லினக்ஸ் கெர்னலில் அந்த விலக்கைச் சரிபார்க்கும் வரி இன்னும் இருக்கிறது.

ஒவ்வொரு ஐபி பாக்கெட்டும் 170 என்றே தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிப்போனதில் ஒரு விபரீதமும் நடந்தது. வைஃபையின் பழைய டபிள்யூஇபி மறையாக்கத்தை உடைக்கும் வழியை 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகியோர் காட்டியபோது, அதற்குத் தேவைப்பட்டது மறைத்தொடரின் (தரவோடு கலந்து அதை மறைக்கும் பைட் வரிசை) முதல் பைட். மறைத்த பைட் காற்றிலேயே கிடைக்கிறது, மறைப்பதற்கு முன் அது 170 என்றும் தெரியும். இரண்டையும் வைத்து மறைத்தொடரின் பைட்டைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கணக்குப் போதும்.

ஒரு பாக்கெட்டின் எடை

1500 பைட் ஐபி பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேபிளில்: 14 + 1500 + 4 = 1518. காற்றில், வழக்கமான டபிள்யூபிஏ 2 பாதுகாப்போடு: ஹெடர் 26, மறையாக்கத்தின் முன்பகுதி 8, நாம் மேலே பார்த்த 8, பாக்கெட் 1500, மறையாக்கத்தின் முத்திரை 8, சரிபார்ப்பு எண் 4. கூட்டினால் 1554. ஏபி இதில் மறையாக்கத்தைப் பிரித்து, 36 பைட்டை உதிர்த்து, மீதியைக் கேபிளில் போடுகிறது. மறையாக்கம் ஏபியோடு முடிந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ‘வைஃபைக்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன், பத்திரமாகப் போகும்’ என்றால், ஏபி வரைக்கும் பத்திரம். அதற்கு அப்பால் பாதுகாப்பு வேண்டுமென்றால் உலாவியும் வலைத்தளமும் தங்களுக்குள் செய்துகொள்ளும் மறையாக்கம்தான்.

சரிபார்ப்பு எண் இரண்டு பக்கமும் ஒரே சூத்திரத்தில் கணக்கிடும் 4 பைட்தான். ஆனாலும் அப்படியே தூக்கி ஒட்ட முடியாது, ஹெடர் மாறினால் விடையும் மாறும். ஏபி ஒரு பக்கம் சரிபார்த்துத் தூக்கி எறிந்துவிட்டு, மறுபக்கத்துக்குப் புதிதாகக் கணக்கிடுகிறது. இடைப்பட்ட கணத்தில் ஏபியின் நினைவகத்திலேயே ஒரு பிட் புரண்டால் இந்த இரண்டு எண்ணுக்கும் அது தெரியாது. ஐபி பாக்கெட்டுக்குள் பயணிக்கும் டிசிபி நெறிமுறை வைத்திருக்கும் தனிச் சரிபார்ப்புதான் அங்கே காவல்.

சின்னப் பாக்கெட்டில் வேறு கூத்து. ஏஆர்பி கேள்வி 28 பைட்தான். வைஃபைக்குக் குறைந்தபட்ச அளவு என்ற கவலை இல்லை, 28ஐ 28ஆகவே அனுப்பும். கேபிளில் இறங்கும்போது 46ஐ எட்ட 18 பைட் உமி சேர்த்தாக வேண்டும். எதிர்த்திசையில் வரும்போது அந்த உமியைக் களைய முடியுமா? வகை எண் போட்ட ஃபிரேமில் நீளம் எழுதியிருக்காது, எது சரக்கு எது உமி என்று பாலத்துக்குத் தெரியாது. உமியோடுதான் காற்றில் போகும்.

பெரிய பக்கத்தின் எல்லையும் வேறு வேறு. முதல் தரத்திலேயே வைஃபை 2304 பைட் வரை சரக்கு ஏற்ற அனுமதித்தது. இருந்தும் எல்லாக் கருவியும் 1500இல் நிற்கின்றன. பாலத்துக்கு ஐபி பாக்கெட்டைத் துண்டு போடும் உரிமை இல்லை. 1500க்கு மேல் வந்தால் சாதாரணக் கேபிளில் இறக்க வழியில்லாமல் கீழே போட வேண்டியதுதான்.

என் ஒரு ராத்திரி

இனி, பொருந்தாத இடம். லேப்டாப்பில் ஒரு மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்குத் தனி ஐபி முகவரி வேண்டும் என்று பிரிட்ஜ் முறையில், அதாவது பாலம் போட்டு, இணைத்தேன். கேபிளில் செருகியிருந்தவரை ஒரு குறையும் இல்லை. கேபிளைப் பிடுங்கிவிட்டு வைஃபைக்கு மாறினேன். லினக்ஸ் பிரிட்ஜில் வைஃபை அட்டையைச் சேர்க்கப் போனால், ‘இந்தச் செயலுக்கு ஆதரவில்லை’ என்ற ஒற்றை வரிதான் பதில். டிரைவரை மாற்றினேன், கெர்னலை மாற்றினேன், ஏபியை மூன்று தடவை அணைத்துப் போட்டேன். எதிலும் பிழை இல்லை. பிழை என் கணக்கில் இருந்தது.

மூன்று முகவரிகளை மறுபடி பாருங்கள். லேப்டாப்பிலிருந்து ஏபிக்குப் போகும்போது இரண்டாவது முகவரி ஒன்றே இரண்டு வேலை பார்க்கிறது: ‘காற்றில் அனுப்புகிறவர்’, ‘உண்மையான அனுப்புநர்’. லேப்டாப்பே பேசும்போது இரண்டும் ஒருவர்தான், பிரச்சினை இல்லை. மெய்நிகர் கணினிக்கு வேறு மேக் முகவரி. அதை இரண்டாவது இடத்தில் எழுதினால் ஏபி என்ன செய்யும்? ‘யார் நீ? என்னிடம் இணையவே இல்லையே, உன்னோடு மறைச்சாவியும் பகிரவில்லையே’ என்று ஃபிரேமைத் தூக்கி எறியும். லேப்டாப்பின் முகவரியை எழுதினால் ஏபி வாங்கிக்கொள்ளும், ஆனால் மெய்நிகர் கணினியின் பெயர் எங்கேயும் இருக்காது. திரும்பி வரும் பதிலுக்கும் அதே கதி: அந்த மேக் முகவரி ஏபியின் இணைந்தோர் பட்டியலில் இல்லாததால் காற்றில் ஏறாது. ஈதர்நெட்டில் ஒரு போர்ட்டுக்குப் பின்னால் எத்தனை மேக் முகவரி வேண்டுமானாலும் இருக்கலாம். வைஃபையில் ஓர் இணைப்புக்கு ஒரு முகவரிதான். மே/பா எழுத ஏபி பக்கம் இடமிருக்கிறது, நம் பக்கம் இடமில்லை.

வழிகள் உண்டு, ஒன்றும் அழகில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை, வெளியே போகும்போது லேப்டாப்பின் மேக் முகவரியை எழுதிவிட்டு, திரும்பி வருவதை ஐபி முகவரியைப் பார்த்துப் பிரித்துக்கொடுக்கும். பல வைஃபை ரிப்பீட்டர்களும் இதே தந்திரம்தான் செய்கின்றன. அவற்றுக்குப் பின்னால் உள்ள கருவிகள் எல்லாம் ரவுட்டர் பட்டியலில் ஒரே மேக் முகவரியோடு தெரிந்தால் காரணம் இதுதான். நேர்மையான வழி, வைஃபை ஃபிரேமிலேயே இருக்கும் நான்காவது முகவரி. இரண்டு கொடிகளையும் சேர்த்து ஏற்றினால் அனுப்புபவர், வாங்குபவர், உண்மையான அனுப்புநர், உண்மையான பெறுநர் என்று நால்வருக்கும் இடம் கிடைக்கும். ஆனால் ஃபிரேமின் வடிவத்தைச் சொன்ன தரம், அதை இரண்டு ஏபிகள் எப்படிப் பேசி முடிவுசெய்ய வேண்டும் என்று சொல்லாமல் விட்டதால், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் ஒரு வழி போனார்கள். இரண்டு முனையும் ஒரே வழியில் பேசினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நான் கடைசியில் மெய்நிகர் கணினியை, லேப்டாப்பின் முகவரியிலேயே வெளியே பேசும் நாட் முறைக்கு மாற்றிவிட்டுத் தூங்கப் போனேன்.

பாதியில் கைவிட்ட சில

ஒரு கேபிளில் பல நெட்வொர்க்குகளைப் பிரிக்கும் 4 பைட் விலான் குறி, பொதுவாகக் காற்றில் போவதில்லை. ஏபி ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு விலான் என்று வைத்துக்கொண்டு, குறியைக் கழற்றி மாட்டும். அந்தக் குறியில் முன்னுரிமைக்கு 8 படிகள் உண்டு, காற்றில் அவை குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என்று நான்கு வரிசையாகச் சுருங்கும். கறாராகப் பார்த்தால் இங்கே தகவல் கொஞ்சம் மங்குகிறது, பயன்பாட்டில் யாரும் குறைபட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

எல்லோருக்கும் அனுப்பும் ஃபிரேம் இன்னொரு விதம். லேப்டாப் அதை நேராக எல்லோருக்கும் கூவாது. முதலில் ஏபிக்கு மட்டும் அனுப்பி ஒப்புகை வாங்கும். ஏபிதான் கேபிளிலும் காற்றிலும் அதை எல்லோருக்கும் கூவும். அனுப்பிய லேப்டாப்பின் காதிலும் தன் குரலே திரும்ப விழும், அனுப்புநர் முகவரியைப் பார்த்து ‘இது நான் சொன்னதுதான்’ என்று ஒதுக்கிவிடும். ஏபி கூவும் இந்தச் சுற்றுக்கு ஒப்புகை கிடையாது, போய்ச் சேர்ந்ததா என்பது அவரவர் யோகம்.

கடைசியாக ஒன்று. 802.11என் தரம் வந்தபோது, ஒவ்வொரு சின்னப் பாக்கெட்டுக்கும் இத்தனை பைட் ஹெடரா என்று சலித்து, பல பாக்கெட்டுகளை ஒரே வைஃபை ஃபிரேமுக்குள் அடைக்கும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உள்ளே அடைத்த ஒவ்வொன்றுக்கும் குட்டி ஹெடர்: பெறுநர் 6 பைட், அனுப்புநர் 6 பைட், நீளம் 2 பைட். ஆமாம், ஐஇஇஇ ஈதர்நெட்டின் அதே பதினான்கு. உள்ளே இருப்பது ஒற்றைப் பாக்கெட்டா, அடைத்த மூட்டையா என்று சொல்வது ஒரே ஒரு பிட். அந்தப் பிட்டுக்குப் பல கருவிகளில் காவல் இல்லை என்று பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் மாத்தி வான்ஹூஃப் 2021இல் வெளியிட்டார். நடுவில் இருக்கும் ஒருவன் அதைப் புரட்டிவிட்டால், ஒற்றைப் பாக்கெட்டைப் பெறுநர் கருவி மூட்டை என்று நினைத்துப் பிரிக்கும். சாதாரணப் பாக்கெட்டின் முதல் ஆறு பைட் என்ன? 170 170 3 0 0 0. அந்த ஆறும் அச்சுப் பிசகாமல் பெறுநர் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்காரும். லினக்ஸில் போட்ட திருத்தம் அதைத்தான் பார்க்கிறது: மூட்டையைப் பிரித்ததும் முதல் பெறுநர் முகவரி 170 170 3 0 0 0 என்று வந்தால், முழு ஃபிரேமையும் குப்பையில் போடு.